பல்லால் சுவைக்கும் தீவு: தைவான் உணவு குறித்து வாசகர் கேள்விகள்

தைவானின் வீதி உணவுகளையும் அன்றாடப் பானங்களையும் பற்றிச் சென்ற இதழில் வெளியான பயணக் கட்டுரையைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குக் கட்டுரையாளர் விடையளிக்கிறார். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்கள் ஒரே கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

திருச்சி வாசகி: அங்கே பால் தேநீரில் ஜவ்வரிசியைப் போட்டுத் தடித்த உறிஞ்சுகுழலால் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாம் பாயசத்தில் போடும் அதே ஜவ்வரிசிதானா? இதைக் கண்டுபிடித்தவர் யார்?

மூலப்பொருள் ஒன்றுதான், பதம்தான் வேறு. இரண்டும் மரவள்ளிக்கிழங்கு மாவிலிருந்து வருகின்றன. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மலாயாவிலிருந்து இறக்குமதி நின்றுபோனபோது சேலம் வட்டாரத்தில் வேரூன்றிய தொழிலின் சரக்குதான் நம் வீட்டு ஜவ்வரிசி. அதை நாம் பாலில் வேகவைத்துக் குழைய விடுகிறோம். தைவானிலோ அந்த மாவை வெல்லப்பாகு போன்ற கருஞ்சர்க்கரைக் கரைசலோடு பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்குச் சற்றுக் குறைவான உருண்டைகளாக்கி, ஏறக்குறைய அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, பிறகு அடுப்பை அணைத்து அதே வெந்நீரில் மூடிவைத்து, கடைசியில் சர்க்கரைப்பாகில் ஊறப்போடுகிறார்கள். வெளிப்புறம் வழுக்க வேண்டும், நடுப்பகுதி பல்லுக்குச் சற்று எதிர்த்து நிற்க வேண்டும், ஆனால் மாவு வாடை அடிக்கக் கூடாது என்பது கணக்கு. குளிர்பெட்டியில் வைத்தால் உருண்டை கல்லாகிவிடும். வெளியே நெடுநேரம் கிடந்தால் கொழகொழத்துவிடும். ஆகவே நல்ல கடைகளில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக வேகவைப்பதும், மீந்ததைக் கொட்டிவிடுவதும் வழக்கமாக இருக்கின்றன. அப்படிச் செய்யாத கடையை முதல் மிடறிலேயே கண்டுகொள்ளலாம்.

கண்டுபிடித்தவர் யார் என்ற கேள்வி நீதிமன்றம் வரை சென்றது. தைச்சுங் நகரின் சுன் ஷுய் தாங் தேநீரகம், தன்னிடம் பணிபுரிந்த லின் சியூ-ஹுய் 1987-ஆம் ஆண்டு ஒரு கூட்டத்தின்போது தம் குளிர்தேநீரில் இனிப்பு மாவுருண்டைகளைக் கொட்டிக் குடித்ததிலிருந்தே எல்லாம் தொடங்கியது என்கிறது. தைனான் நகரின் ஹன்லின் தேநீரகமோ, அதன் நிறுவனர் து சோங்-ஹே 1986-இல் சந்தையில் வெள்ளை மாவுருண்டைகளைப் பார்த்து, அவற்றை முத்துகளாக எண்ணித் தேநீரில் சேர்த்ததாகச் சொல்கிறது. ஏறத்தாழ 10 ஆண்டுகள் நீண்ட அந்த வழக்கு 2019-இல் முடிந்தபோது, இது எவர் வேண்டுமானாலும் தயாரிக்கக்கூடிய பானம், ஒருவருக்கு மட்டும் உரிமையான பொருள் அன்று, ஆகவே முதலில் செய்தவர் யார் என்று தீர்ப்பளிக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. மாவுருண்டையைப் பனிக்கட்டிச் சீவலின் மேல் போட்டு உண்பது அங்கே அதற்கும் முந்தைய பழக்கம். தேநீரைக் குலுக்கி நுரைக்கவைத்துக் குளிரக் குடிப்பதும் 1980-களின் தொடக்கத்திலேயே பரவத் தொடங்கியிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டும் என்றேனும் ஒரே குவளையில் சேர்ந்தே தீரும்.

மதுரை வாசகர்: சீன உணவு என்றாலே எண்ணெயும் மிளகாயும் மிதக்கும் என்று நினைத்திருந்தேன். தைவானில் காரமே இல்லை என்கிறீர்களே, பிறகு ருசிக்கு என்னதான் செய்கிறார்கள்?

நீங்கள் மனத்தில் வைத்திருப்பது சீனாவின் சிச்சுவான் மாநிலச் சமையலாக இருக்கலாம். தைவான் மக்களில் பெரும்பாலோரின் முன்னோர் சீனாவின் ஃபூஜியன் கரையோரத்திலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். அந்தக் கரையின் சமையல் மென்மையானது. வெள்ளை மிளகுத்தூள், பொரித்த சின்ன வெங்காயம், சோயா சாறு, ஐந்து மசாலாப் பொடி, சற்று இனிப்பு ஆகியவற்றோடு பெரும்பாலான தள்ளுவண்டிகளின் சரக்கறை முடிந்துவிடும். நம் திருநீற்றுப்பச்சிலையின் இனத்தைச் சேர்ந்த ஒரு துளசியையும் சேர்த்துக்கொள்ளலாம். கோழித் துண்டுகளைப் பொரித்து முடிக்கும் தறுவாயில் அந்த இலையை ஒரு பிடி எண்ணெயில் வீசும்போது எழும் மணம் தெருமுனை வரை எட்டும்.

ஆனால் உங்கள் கேள்விக்கு உண்மையான விடை வேறிடத்தில் இருக்கிறது. நாம் உணவை நாக்கால் அளக்கிறோம்: உப்பு, புளி, காரம் சரியாக இருக்கிறதா என்பதே நம் முதல் கேள்வி. தைவானியர் அதே அளவு அக்கறையைப் பல்லுக்குக் கொடுக்கிறார்கள். கடித்தால் இழுபட வேண்டியது இழுபடுகிறதா, துள்ள வேண்டியது துள்ளுகிறதா, மொறுமொறுப்பின் கீழே மென்மை இருக்கிறதா என்பதை வைத்துத்தான் ஒரு கடையைப் புகழ்வதும் கைவிடுவதும் நடக்கின்றன. சிப்பி முட்டைத் தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். சிறு கடற்சிப்பிகள், முட்டை, கீரை ஆகியவற்றின்மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவுக் கரைசலை ஊற்றிக் கல்லில் சுட்டு, இனிப்பான செந்நிறச் சாறு வார்த்துத் தருகிறார்கள். நம் நாக்குக்கு அது மந்தமாகவே தோன்றும். ஆனால் ஓரத்தில் முறுகிய முட்டை, நடுவில் கண்ணாடிபோல் வழுவழுத்த மாவு, அதற்குள் கடித்தவுடன் கரையும் சிப்பி என மூன்று பதங்கள் ஒரே கவளத்தில் வருவதை உணர்ந்துவிட்டால், மிளகாய்ப்பொடியைத் தேடும் கை தானாக நின்றுவிடும்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கு உருண்டை இதைவிட எளிய சான்று. கிழங்கு மசியலையும் மாவையும் சேர்த்து உருட்டி எண்ணெயில் போட்டபின், கடைக்காரர் சல்லடைக் கரண்டியால் அவற்றை மீண்டும் மீண்டும் அழுத்துகிறார்; அழுத்தம் விலகும்போது ஒவ்வொன்றும் காற்றை நிரப்பிக்கொண்டு உப்புகிறது. உண்பவர் வாங்குவது பெரும்பாலும் காற்றைத்தான். சுற்றியிருக்கும் மெல்லிய, இழுபடும் தோலுக்காகத்தான் அத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

மயிலாடுதுறை வாசகி: நான் சுத்த சைவம். அங்கே பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் கவனம் தேவை. கிழக்காசியாவில் சைவ உணவு எளிதாகக் கிடைக்கும் இடங்களில் தைவானுக்கு முன்வரிசை உண்டு. பௌத்தமும் ஈகுவான்தாவ் என்னும் சமய இயக்கமும் அதற்குக் காரணங்கள்; சந்திர மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் மட்டும் புலால் தவிர்க்கும் குடும்பங்களும் நிறைய உண்டு. சைவக் கடைகளின் பெயர்ப்பலகையில் சுவஸ்திகக் குறியைக் காணலாம். அங்கே அது பௌத்தச் சின்னம். பல சைவக் கடைகளில் நாற்பது ஐம்பது வகைகளைத் தட்டுகளில் பரப்பி வைத்திருப்பார்கள். வேண்டியதை நாமே எடுத்துக்கொண்டால் எடைபோட்டு விலை சொல்வார்கள். பொட்டலப் பொருள்களில் முழுச் சைவம், பால் சேர்ந்தது, முட்டை சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, பூண்டு வெங்காய வகைகள் சேர்ந்தது என ஐந்து பிரிவுகளில் குறிப்பிட வேண்டும் என்பது சட்டம்.

கடைசிப் பிரிவு உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அவர்களது மரபில் புலாலை விட்டால் மட்டும் போதாது. வெங்காயம், பூண்டு முதலிய நெடி மிகுந்த ஐந்தையும் விட வேண்டும். அந்த ஐந்தில் ஒன்றாகப் பழைய பௌத்த நூல்கள் சொல்வது பெருங்காயம்! நம் ஊரில் பூண்டு, வெங்காயத்துக்கு மாற்றாகப் பெருங்காயம் சேர்க்கும் வைதிகச் சமையலை அந்தத் துறவிகளிடம் விளக்கப் புகுந்தால் வாதம் நீளும்.

கவனம் தேவைப்படுவது சைவக் கடைக்கு வெளியேதான். வெங்காயத்தாள் ரொட்டியின் மாவில் பன்றிக்கொழுப்பு கலந்திருக்கலாம். வெறும் கீரை வதக்கலின் மேல் இறைச்சிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிவிடுவார்கள். தெளிந்த சாற்றில் உலர்ந்த மீனின் சாரம் இருக்கும். காளானையும், சோயா பாலிலிருந்து செய்யும் பாலாடைக்கட்டி போன்ற டோஃபுவையும் பொரிக்கும் எண்ணெயிலேயே கோழியும் வெந்துகொண்டிருக்கும். இவற்றைத் தள்ளுவண்டிக்காரரிடம் ஒவ்வொன்றாக விசாரிப்பதை விட, இரவு உணவைச் சைவக் கடையில் முடித்துக்கொண்டு, சந்தைக்கு இனிப்புக்கும் பானத்துக்கும் செல்வதே நிம்மதி. நிலக்கடலைப் பாகுக் கட்டியைச் சீவி, மெல்லிய அப்பளம் போன்ற உறையில் பரப்பி, பனிக்கூழும் கொத்தமல்லித் தழையும் வைத்துச் சுருட்டித் தருவார்கள். கொத்தமல்லியா என்று தயங்காதீர்கள்.

சேலம் வாசகர்: நாற்றமடிக்கும் டோஃபு என்று ஒன்றைப் பற்றி எழுதி, அதை விரும்பி உண்டதாகவும் சொல்லியிருந்தீர்கள். விளையாட்டாகச் சொன்னதா?

விளையாட்டில்லை. காய்கறிகளையும், தண்டுக்கீரை போன்றவற்றின் தண்டுகளையும் உப்புநீரில் பல வாரங்கள், சில இடங்களில் பல மாதங்கள் புளிக்கவிட்டு, அந்த நீரில் டோஃபுவை ஊறவைக்கிறார்கள். சிலர் அதில் இறால் முதலியவற்றையும் சேர்ப்பதுண்டு. எனவே சைவர்கள் கேட்டே வாங்க வேண்டும். ஊறிய கட்டியைக் கொதிக்கும் எண்ணெயில் பொரித்ததும் மேற்புறம் பொருக்காகி, உள்ளே நுரைபோல் துளைகள் விடும். நடுவில் ஓர் ஓட்டை போட்டுப் பூண்டுச் சாற்றை ஊற்றி, பக்கத்தில் இனிப்பும் புளிப்புமான முட்டைக்கோஸ் ஊறுகாயைக் குவித்துத் தருகிறார்கள். மூக்குக்கு எட்டும் நாற்றத்தில் பாதிகூட வாய்க்கு எட்டுவதில்லை என்பதே இதன் விந்தை. தலைநகர் தைப்பே அருகிலுள்ள ஷென்கெங் என்னும் சிற்றூரின் பழைய கடைத்தெரு டோஃபுவுக்கென்றே பெயர் பெற்றது. அங்கே பொரித்தது, சுட்டது, காரக் குழம்பில் கொதித்தது என எல்லா வடிவங்களும் உண்டு. முதன்முறை உண்பவர் பொரித்ததிலிருந்து தொடங்குவது நல்லது. ஆவியில் வேகவைத்ததை நான் பரிந்துரைக்க மாட்டேன். மறைந்துகொள்ள மொறுமொறுப்பு இல்லாமல் அதன் வீச்சம் முழுதாக வந்து தாக்கும்.

நெல்லை வாசகி: காலை உணவு என்ன? அதிலும் ஜவ்வரிசி உண்டா?

இல்லை. காலையில் ஆட்சி செய்வது சோயா பால். அதோடு யோதியாவ் என்னும் நீண்ட பொரித்த மாவுக் குச்சியும், எள் தூவிச் சுட்ட ஷாவ்பிங் ரொட்டியும் வரும். குச்சியை ரொட்டிக்குள் வைத்து உண்பார்கள், மாவுக்குள் மாவு. நமக்கு விசித்திரமாகத் தோன்றினாலும், பல்லின் கணக்குப்படி அது சரியான கூட்டணிதான்.

இந்தக் காலை உணவுக்குப் பின்னால் ஒரு பெரிய இடப்பெயர்வு இருக்கிறது. அரிசி உண்ணும் இந்தத் தீவுக்கு, 1949-ஐ ஒட்டி உள்நாட்டுப் போரில் தோற்ற தேசியவாத அரசோடு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சீனப் பெருநிலத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். அவர்களில் கோதுமை உண்ணும் வடபகுதியினரும் பலர். படையிலிருந்து விலகிப் பிழைப்பு தேடிய சிலர், தைப்பேக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள யொங்ஹேயில் சோயா பால் கடை போட்டார்கள். 1950-களில் தொடங்கிய அந்தக் கடைகளால் இன்றும் சோயா பால் என்றதும் யொங்ஹேயின் பெயரே நினைவுக்கு வருகிறது. 1951 முதல் 1965 வரை தொடர்ந்த அமெரிக்க உதவியில் கோதுமையும் சோயாவும் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது அந்தக் கடைகளுக்குத் துணையாயிற்று.

சோயா பாலில் இனிப்பு, உப்பு என இருவகை. உப்பு வகையைத் தவறவிடாதீர்கள். கிண்ணத்தின் அடியில் சிறிது வினிகர், சோயா சாறு, ஊறுகாய்த் துணுக்குகள், வெங்காயத்தாள், பெரும்பாலும் உலர்ந்த சிற்றிறால் ஆகியவற்றைப் போட்டு, கொதிக்கும் பாலை உயரத்திலிருந்து ஊற்றுகிறார்கள். புளிப்புப் பட்டவுடன் பால் மெல்லத் திரிந்து, இளந்தயிருக்கும் சாற்றுக்கும் இடைப்பட்ட ஒன்றாகிறது. நம் வீட்டில் பால் திரிந்தால் முகம் சுளிப்போம்; அங்கே அந்தத் திரிதலுக்குத்தான் காசு.

மாட்டிறைச்சி நூடுல்ஸும் இதே இடப்பெயர்வின் பிள்ளைதான். கவோசியுங் அருகே கங்ஷானில் விமானப்படைக் குடும்பங்கள் தங்கியிருந்த குடியிருப்புகளில் சிச்சுவான் பாணிக் காரப்பயறு விழுதைச் செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து இந்த நூடுல்ஸின் குழம்பு பிறந்தது என்பது பரவலான வழக்கு. அதற்கு முன் தைவான் உழவர்களில் பலர், ஏர் உழுத மாட்டை உண்பதைப் பாவமாகக் கருதினார்கள். இன்றும் அதைத் தவிர்க்கும் முதியவர்களைச் சந்திக்கலாம்.

சென்னை வாசகர்: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. குளிர்தேநீர்க் கடைப் பக்கமே போகக் கூடாதா?

மருத்துவர் சொல்வதே முடிவு. ஆனால் கடையின் நடைமுறையைத் தெரிந்துகொள்ளுங்கள். இனிப்பு முழு அளவா, பத்தில் ஏழா, பாதியா, பத்தில் மூன்றா, அறவே வேண்டாமா என்று கேட்பார்கள். அடுத்து, பனிக்கட்டி வழக்கமான அளவா, குறைவா, இல்லாமலா, அல்லது சூடாகவா என்று கேட்பார்கள். பின்னால் நிற்பவர்கள் பொறுமையிழக்குமுன் இரண்டுக்கும் விடை சொல்லிவிட வேண்டும். பள்ளிச் சிறுவன்கூட இனிப்பில் பத்தில் மூன்று, பனிக்கட்டி குறைவு என்று தன் அளவை ஒப்பிப்பதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. இனிப்பு வேண்டாம் என்று சொன்னாலும் மாவுருண்டைகள் ஏற்கெனவே பாகில் ஊறியவை. இனிப்பும் மாவும் அவற்றோடு வந்துவிடும். மற்றொன்று, பால் தேநீர் என்று மட்டும் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் தாவரக் கொழுப்பிலிருந்து செய்த வெண்மைப் பொடி. கறந்த பால் வேண்டுமானால் புதுப்பால் தேநீர் என்று கேட்க வேண்டும். முழு இனிப்புள்ள பெரிய குவளை ஒன்றில் சர்க்கரை 50 கிராமைத் தாண்டுவதுண்டு. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் உச்ச வரம்பாகச் சொல்லும் அளவே ஏறக்குறைய அதுதான். சங்கிலிக் கடைகள் ஒவ்வொரு பானத்துக்கும் சர்க்கரை அளவைக் குறிப்பிட வேண்டும் என்ற விதி 2015 முதல் நடைமுறையில் இருக்கிறது. பலகையைப் பார்த்துவிட்டே கேளுங்கள். இனிப்பில்லாத பச்சைத் தேநீரோ, இலையை ஓரளவு மட்டும் புளிக்கவிட்ட ஊலோங் தேநீரோ அந்தக் கடைகளில் குறைந்த விலையில் கிடைக்கும். உள்ளூரில் நாள்தோறும் குடிப்பவர்கள் பலரும் அதைத்தான் வாங்குகிறார்கள்.

கோவை வாசகர்: தேயிலைத் தோட்டத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். தைவான் தேயிலை பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே?

குறையைச் சுட்டியமைக்கு நன்றி. உங்களைப் போன்றவருக்கு விரிவாகவே சொல்ல வேண்டும். 1860-களில் ஜான் டாட் என்னும் பிரித்தானிய வணிகர் ஃபூஜியனிலிருந்து தேயிலைக் கன்றுகளை வரவழைத்து, வடதைவான் உழவர்களுக்குக் கடன் கொடுத்துப் பயிரிடச் செய்தார். 1869-இல் அவர் நியூயார்க்குக்கு நேரடியாகக் கப்பலேற்றிய ஊலோங்கிலிருந்துதான் அந்தத் தீவின் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வந்தது. இலையை முழுவதும் புளிக்கவிடாமல் இடையில் நிறுத்துவது ஊலோங். எங்கே நிறுத்துவது என்பதில்தான் திறமை. வென்ஷான் பகுதியின் பாவ்சோங் வகையை வெகு சீக்கிரம் நிறுத்துகிறார்கள், அது பூமணம் வீசுகிறது. நந்தோ மாவட்டத்தின் தோங்திங் வகையைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, உருண்டையாகச் சுருட்டி, வறுக்கிறார்கள்.

உங்களுக்கு மிகவும் பிடிக்கக்கூடியது சின்ச்சூ பகுதியின் பெய்ப்பூ, எமெய் ஊர்களில் விளையும் கீழைநாட்டு அழகி என்ற வகை. கோடையில் பச்சைத் தத்துப்பூச்சி இளந்தளிரின் சாற்றை உறிஞ்சுகிறது. காயப்பட்ட இலை தற்காப்புக்காகச் சில மணப்பொருள்களை உண்டாக்குகிறது. அவற்றால் அந்தத் தேநீருக்குத் தேனும் பழுத்த பழமும் கலந்த மணம் வருகிறது. பூச்சி வேண்டுமென்றால் பூச்சிமருந்து கூடாது; விளைச்சல் குறையும், விலை ஏறும். தோட்டத்தில் தத்துப்பூச்சியைக் கண்டால் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டும் உங்கள் தலைமுறைக்கு இது எப்படிப் படும் என்று அறிய ஆவல்.

இந்தியத் தொடர்பும் உண்டு. 1925-இல், ஜப்பானிய ஆட்சிக் காலத்தில், அசாம் தேயிலை விதைகளைக் கொண்டுவந்து சூரிய சந்திர ஏரிப் பகுதியில் ஊன்றினார்கள். பர்மாவின் பெரிய இலை வகையைத் தைவானின் காட்டுத் தேயிலையோடு கலப்பினமாக்கி 1999-இல் வெளியிட்ட 18-ஆம் எண் வகையும் அங்கேதான் விளைகிறது. அதில் இலவங்கப்பட்டையும் புதினாவும் கலந்தாற்போன்ற ஒரு மணம் இயல்பாகவே உண்டு. அதைப் பாலில் கலந்து குடிப்பது வீண்செலவு.

தஞ்சை வாசகி: தேநீர் தவிர வேறு பானங்கள்?

நிறைய உண்டு. நாம் கூட்டுக்கும் அல்வாவுக்கும் பயன்படுத்தும் வெள்ளைப்பூசணியைக் கருஞ்சர்க்கரையோடு மணிக்கணக்கில் காய்ச்சிக் கட்டியாக்கி, நீரில் கரைத்துக் குடிக்கிறார்கள். தைனானில் அதற்கென்றே பழைய கடைகள் இருக்கின்றன. வெள்ளை நிறப் பாகற்காயை அரைத்துத் தேன் சேர்த்துத் தருவார்கள்; கசப்பு நம் பாகற்காயைவிடக் குறைவு. பப்பாளிப் பால், கரும்புச்சாறு, அரைத்த பச்சைப்பயறுப் பனிக்கூழ் ஆகியவை கோடையின் துணைகள். தைப்பேயின் லுங்ஷான் கோயிலுக்கு அருகே ஒரு சந்து முழுவதும் மூலிகைக் கடைகள். அங்கே கருத்த கஷாயத்தைக் குவளையில் ஊற்றித் தருவார்கள், உடற்சூடு தணியும் என்பது நம்பிக்கை. ஹெய்சோங் நிறுவனம் 1950 முதல் விற்றுவரும், சர்சாப்பரில்லா என்னும் கொடிவேரின் சுவையுள்ள சோடாவில் உப்புப் போட்டுக் குடித்தால் சளிக் காய்ச்சல் தணியும் என்றும் சொல்வார்கள். மருத்துவம் எப்படியோ, பானம் நன்றாகவே இருக்கிறது.

வேலூர் வாசகர்: இரவுச் சந்தைகளில் சுத்தம் எப்படி? பயமில்லாமல் சாப்பிடலாமா?

நான் பார்த்த வரையில் வண்டிகள் துப்புரவாகவே இருந்தன. சந்தைகள் பலவும் கோயில் வாசலில் முளைத்தவை. கீலுங் துறைமுகத்தின் சந்தைக்குக் கோயில் வாசல் என்பதே பெயர்; தைப்பேயின் ராவ்ஹே சந்தை, 1753-இல் கட்டத் தொடங்கிய கடலன்னை மாசுவின் கோயிலடியில் ஆரம்பிக்கிறது. அந்த வாசலில் தந்தூரி அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடும் மிளகு ரொட்டிக்கு எப்போதும் வரிசை உண்டு. உள்ளே இருப்பது பன்றி இறைச்சி. வண்டிகள் தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் நிற்பதால், கெட்ட பெயர் எடுத்துவிட்டு மறுநாள் வேறு தெருவுக்கு ஓடிவிட முடியாது. 2018-இல் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் வழிகாட்டி தைப்பேக்கு முதன்முதலாக வெளியானபோது, குறைந்த விலையில் நல்ல உணவு தரும் இடங்களின் பட்டியலில் இரவுச் சந்தை வண்டிகளும் இடம்பெற்றன.

சங்கடம் வந்தது வண்டியிலிருந்து அல்ல, வண்டிக்குச் சரக்கு அனுப்பிய ஆலைகளிலிருந்து. 2011-இல் பானங்களைக் குழம்பலாகக் காட்டச் சேர்க்கும் பொருளில் நெகிழிக்கு உரிய வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்தது. 2013-இல் மாவுருண்டைக்கும் மீன் உருண்டைக்கும் போன மாவில் அனுமதியற்ற மேலீக் அமிலச் சேர்மம் கண்டறியப்பட்டது. பல்லுக்குக் கூடுதல் துள்ளல் வேண்டும் என்ற ஆசைக்கு ஆலைகள் கண்ட குறுக்குவழி அது. 2014-இல் கழிவு எண்ணெய் கலந்த சமையல் எண்ணெய் பிடிபட்டது. ஒவ்வொரு முறையும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். சட்டமும் தண்டனையும் கடுமையாயின. மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்று எழுதி ஒட்டும் பழக்கம் இன்று கடைகளில் பரவியிருப்பதற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம்.

ஈரோடு வாசகர்: வாங்கிய பானத்தை மெட்ரோ ரயிலில் குடிக்கலாமா?

கூடாது. தைப்பே மெட்ரோவில் தண்ணீர்கூடக் குடிக்க அனுமதியில்லை. அபராதம் 1,500 முதல் 7,500 தைவான் டாலர் வரை. நுழைவாயிலுக்கு வெளியே நின்று முடித்துவிடுங்கள். சொந்தக் குவளை கொண்டுபோனால் கடைகள் குறைந்தது 5 டாலர் குறைக்க வேண்டும் என்ற விதி 2022 முதல் இருக்கிறது.

புதுச்சேரி வாசகி: அயியூ என்ற இனிப்புக் கூழை வீட்டில் செய்ய முடியுமா? விதையை வாங்கி வரலாமா?

உலர்ந்த விதை அங்கே சந்தைகளில் கிடைக்கும். ஆனால் விதைகளை நாட்டுக்குள் கொண்டுவருவதற்கு நம் அரசின் தாவரத் தடுப்புக்காப்பு விதிகள் உண்டு, முதலில் அவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். அயியூ, மலைக்காட்டில் மரங்களைப் பற்றிப் படரும் ஓர் அத்திக்கொடி. காயைப் பிளந்து, உட்புறத்தை வெளியே திருப்பிக் காயவைத்து, விதைகளைச் சுரண்டி எடுக்கிறார்கள். அவற்றைத் துணியில் முடிந்து, குளிர்ந்த குடிநீரில் அமிழ்த்திச் சில நிமிடங்கள் பிசைந்தால் மஞ்சள் கலந்த வழுவழுப்பு நீரில் இறங்கும். துணியை எடுத்துவிட்டு அசையாமல் வைத்தால் அரை மணி நேரத்துக்குள் தானாக உறையும். அடுப்பு தேவையில்லை, சூடாக்கினால் உறையவும் உறையாது. பாத்திரத்திலோ கையிலோ எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. பிசையும்போது சர்க்கரை சேர்க்கவும் கூடாது. நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்துதான் விதையின் பெக்டின் என்னும் கூழ்ப்பொருளைக் கட்டிப்பிடித்து உறையவைக்கிறது என்பதால், வீட்டுச் சுத்திகரிப்பானில் தாதுக்களெல்லாம் நீங்கிய நீர் உதவாது. ஊற்றுநீரோ, கொதித்து ஆறிய குழாய்நீரோ நல்லது. உறைந்ததை வெட்டி எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப்பாகும் பனிக்கட்டியும் சேர்த்து அன்றைக்கே உண்டுவிடுங்கள். மறுநாளைக்குள் கூழிலிருந்து நீர் கசிந்து பிரிந்து, கடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.